சுற்று நேரத்தோடு டயரின் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்போர்ட்ஸ் கார் பற்றிய செய்திகளில் குதிரைத்திறன், நூறு கி.மீ. வேகத்தைத் தொடும் நொடிக்கணக்கு, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கை ஒரு முறை சுற்றும் நேரம் மூன்றும் தவறாமல் வருகின்றன. எந்த டயரில் ஓடியது என்பது மட்டும் வருவதில்லை. அது தெரியாமல் சுற்று நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போர்ஷே 911 ஜிடி3-ஐயே பாருங்கள். 2021-இல் வந்த மாடலுக்கு 510 குதிரைத்திறன், முந்தையதற்கு 500. கூடியது பத்தே பத்து. ஆனால் நூர்பர்க்ரிங் சுற்று நேரம் 17 நொடிக்கு மேல் குறைந்தது. 20.8 கி.மீ. சுற்றை அது 6 நிமிடம் 59.927 நொடியில் முடித்தது. பின் இறக்கைக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் சாலையில் ஓடும் 911-இல் முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் பிடிக்கும் சஸ்பென்ஷன்) வந்தது இதில்தான் முதன்முறை. முன் டயர் 245-லிருந்து 255 மி.மீ. ஆனது, பின் டயர் 305-லிருந்து 315. அன்று மாட்டியிருந்ததும் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் மிஷ்லின் கப் 2 ஆர் என்ற ட்ராக் டயர்.

மேல் ஆர்ம் இல்லாத ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் கார் வளைவில் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாயும். டயரின் வெளி ஓரம்தான் பாரத்தைத் தாங்கும். உள்பாதி ரப்பர் சும்மா கிடக்கும். இரட்டை விஷ்போனில் மேல் ஆர்ம் குட்டை. ஸ்பிரிங் அமுங்க அமுங்க அது சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே இழுப்பதால் டயர் அகலமாகத் தரையில் படிகிறது.

நம் ஊர்க் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் ஸ்ட்ரட்தான். லோயரிங் ஸ்பிரிங் போட்டு காரின் உயரத்தை இறக்கினால் பார்க்க எடுப்பாக இருக்கும், ட்ராக்கில் பெரும்பாலும் கேடு. கீழ் ஆர்மின் சக்கரப்பக்க முனை உள்முனையைவிட உயர்ந்துவிட்டால், கார் இறங்கியதைவிட ரோல் சென்டர் (கார் பக்கவாட்டில் சாயும் மையப்புள்ளி) அதிகமாக இறங்கிவிடும். ஸ்பிரிங் கடினமானது, ஆனாலும் சாய்வு எதிர்பார்த்த அளவு குறையாது. ட்ராக் ஓரத்து மேடான கர்பில் ஏறினால் சஸ்பென்ஷன் அதன் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் முட்டும். அந்தக் கணமே முன் டயர் பிடி விடும். அந்தப் பணத்துக்குக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை, மாற்றும் கேம்பர் பிளேட் வாங்கி முன்சக்கரத்தை மைனஸ் 2.5 டிகிரியில் (மேற்பகுதி உள்ளே சாய) வைப்பது எவ்வளவோ மேல்.

கேம்பர் போதுமா என்று பார்க்க, பிட்டுக்குள் வந்தவுடன் ஊசி வெப்பமானியை ரப்பரில் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் குத்துங்கள். உள் ஓரம் வெளியைவிட 5 முதல் 8 டிகிரி கூடுதல் என்றால் சரி. வெளி ஓரம் சூடு என்றால் கேம்பர் போதவில்லை. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம்.

காற்றில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டயர் 10 டிகிரி சூடேறினால் காற்றழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் வெயிலில் 33 வைத்து இறங்கினால் சில சுற்றுகளிலேயே 40-ஐ நெருங்கிவிடும். 26, 27-இல் தொடங்குங்கள். வந்ததும் நான்கையும் தனித்தனியே அளந்து, தயாரிப்பாளர் சொல்லும் சூடான அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். பிடிப்பு அதிகமுள்ள டயருக்கு மாறினால் ஆயில் பிரஷரிலும் ஒரு கண் இருக்கட்டும். நீண்ட வளைவில் என்ஜின் அடியிலுள்ள சம்ப்பின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப்புக்கு எட்டாமல் போகும்.

காற்று குறைத்த டயரோடு அப்படியே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஆறியதும் அழுத்தம் இன்னும் இறங்கும். பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கலாம். மழை பிடித்தால் காடி ஆழமில்லாத ட்ராக் டயர் தண்ணீரில் மிதக்கும். டிக்கியில் ஒரு கம்ப்ரசரும், முடிந்தால் சாதாரண டயர் ஒரு செட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்