தாத்தாவின் வாட்ச்

குன்னூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நான்கு நாட்களாக விடாத மழை. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ அனுப்பிய தைலம் தீர்ந்துவிட்டது.

நீ ஒரு பழைய ஹோயர் கரேரா வாட்ச் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறாய் என்று அத்தை சொன்னாள். விலையையும் சொன்னாள். கடன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட விதத்திலேயே புரிந்தது. கடன் வாங்காதே பாப்பா. சித்தப்பா வீட்டு வாசலில் யார் யார் வந்து நின்றார்கள் என்பதை நீயும் பார்த்தாய்.

வாட்ச் மேல் உனக்குள்ள பிரியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வீட்டில் வந்ததுதானே அது. 1968இல் தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது கழற்றிக் கொடுத்த கரேராவைத் தாத்தா ஓய்வு பெறும் நாள் வரை கட்டினார். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் அவர், இலையை உருட்டும் ரோலரில் இலை விழுந்ததும் நேரம் அளக்க வாட்சின் மேல் பொத்தானை அழுத்துவார். மூன்று மணிப் பக்கத்துச் சின்ன வட்டத்தில் முள் ஒரு சுற்று வந்தால் முப்பது நிமிடம், ஒரு ரோல் முடிந்தது. ரோலர் அறைச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அதை அவர் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. உன்னை மடியில் வைத்து, அந்த 'டக்' சத்தத்துக்காகவே ஓயாமல் அழுத்த விடுவார். முள் ஓடும்போது கீழ்ப் பொத்தானைத் தொடாதே என்பதைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்டாய்.

விரலுக்குத் தெரியும் அந்த உறுதி, உள்ளே சிறு தூண்கள் நிற்கும் ஒரு சக்கரத்தால் வருகிறது என்று பின்னாளில் நீதான் எனக்கு விளக்கினாய். கார் ஓட்டுபவன் ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்று 1963இல் இந்த வாட்சை உருவாக்கிய ஜாக் ஹோயர் முகப்பை வெறுமையாக்கி, ஐந்தில் ஒரு வினாடிக் கோடுகளைக் கண்ணாடியைத் தாங்கும் வளையத்துக்குத் தள்ளியதையும் சொன்னாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இவ்வளவு தெரிந்தவள் கடன் வாங்கலாமா?

சித்திரையில் வந்தபோது அரிசி டப்பாவிலிருந்து வாட்சை எடுத்து, லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தாய். முகப்பு எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பேசாமல் வைத்துவிட்டாய். அன்றிரவு சாப்பாட்டில் செனித் வாட்ச் தொழிற்சாலையின் சார்ல் வெர்மோ கதையைச் சொன்னாய். 1975இல் மேலிடம் உற்பத்தியை நிறுத்தச் சொன்னதும், எல் பிரைமெரோ என்ற வாட்ச் இயந்திரத்தைச் செய்யும் கருவிகளையும் குறிப்புகளையும் பரணில் ஒளித்து வைத்தாரே, அவர். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு இரண்டு முறைதான் போன் செய்தாய், இரண்டும் அம்மாவுக்கு. பெற்றவனிடம் இத்தனை நாள் பேசாமல் இருக்கலாமா?

நான் சொன்னது பொய், பாப்பா.

தாத்தா போன மறுவருடம் உன் அக்கா கல்யாணம். மலை ஈரத்தில் முகப்பெல்லாம் பாக்கு நிறப் புள்ளி, முட்களின் வெளிச்சப் பூச்சு தேன் நிறம். சம்பந்தி முன் கையை நீட்டக் கூசியது. பாட்டி வேண்டாம் என்றாள். கேட்காமல் கோயம்புத்தூரில் ஒரு கடையில் கொடுத்தேன். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். கோடுகள் தடித்துப்போயின. ஆறுக்குக் கீழே இருந்த 'ஸ்விஸ்' என்ற பொடி எழுத்து திரும்ப வரவில்லை. வார் மாட்டும் கொம்புகளின் கூர் விளிம்பும் தேய்ந்து மழுங்கியது. அன்று எனக்கு அது தெரியவே இல்லை. பர்லியார் வரை பஸ்ஸில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக வந்தேன். எதை அழித்தேன் என்பது நீ லென்ஸை எடுத்தபோதுதான் உறைத்தது.

நான் அழித்ததைத்தான் நீ கடன் வாங்கித் தேடுகிறாய் என்று நினைக்கிறேன். அது வேறு யாரோ கட்டிய வாட்ச். நம் ரோலர் அறையைப் பார்த்ததில்லை.

இன்று இதற்குச் சாவி கொடுத்து மேல் பொத்தானை அழுத்தினேன். முப்பது நிமிடத்தில் சின்ன முள் சரியாகச் சுற்றி வந்தது. உள்ளே அதே வல்ஜூ 72 இயந்திரம்தான். அதை யாரும் தொடவில்லை. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ.

கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்று எழுது. போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தாலும் மறைக்காமல் எழுது, என் பிக்சட் டெபாசிட் ஆடியில் முதிர்கிறது.

அப்பா