விலைப்புள்ளியில் கையெழுத்திடும் முன்

சென்னைப் பள்ளிகளின் கணினி ஆய்வகக் குழுவினருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி நம் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டுவதா என்று ஆசிரியர் அறையில் ஓயாமல் பேசுகிறோம். ஓட்டிப் பார்க்கத்தான் யாரும் உட்காரவில்லை. என் மனக்குறை அதுதான்.

"லினக்ஸ் என்றால் வேகம்", "ஃபயர்பாக்ஸ் உலாவி நினைவகத்தைத் தின்னும்" என்கிறார்கள். ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரர் சொன்னாராம், மைத்துனர் சொன்னாராம். சொன்னவர் அதைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினார்? ஃபயர்பாக்ஸின் உட்பகுதி 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்பிலேயே பெருமளவு மாறிவிட்டது. அதற்கு முன் வாங்கிய பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தின் 4 ஜிபி நினைவகக் கணினி ஒன்றில், நாற்பது பக்க வினாத்தொகுப்பைத் திறந்து கைப்பேசியில் நேரம் பார்த்தேன். கணினியை இயக்கியவுடன் திறந்தபோது முக்கால் நிமிடம் ஆனது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. முதல்முறை எல்லாவற்றையும் வன்தட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. மறுமுறைக்குள் அவை நினைவகத்தில் ஏறியிருந்தன. முதல்முறையோடு எழுந்து போனவர் அந்த மென்பொருளை ஆமை என்றுதான் ஊரெல்லாம் சொல்வார். பிறகு வன்தட்டைக் கழற்றி அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினேன், வேறெதையும் தொடவில்லை. முதல்முறையே கால் நிமிடத்துக்குள் திறந்தது. இத்தனை நாள் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று வருத்தமாக இருந்தது.

பெயர் பெற்றதே ஜெயித்த இடமும் உண்டு. பெரிய மதிப்பெண் பட்டியலைக் கூட்டுவதில், எல்லோரும் புகழும் மென்பொருள்தான் முந்தியது.

ஆகவே ஒரே ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். உங்கள் வினாத்தாளையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, ஒரே கணினியில் ஒவ்வொரு மென்பொருளையும் ஐந்து முறை ஓட்டுங்கள். நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் அதில் வேலை செய்யப்போகிற எழுத்தரையே உட்கார வையுங்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், மாதிரிக் கணினி ஒன்றை இரண்டு நாள் கேளுங்கள். தர மறுப்பவரின் விலைப்புள்ளியைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
கணினி ஆசிரியர் ஒருவர்,
பெரம்பூர்