முதலில் எழுது, பிறகு ஒட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஈரோட்டில் மழை ஓய்ந்து, காலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது.

இந்தப் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் உன் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து அனுப்பப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அலுவலகம் முடிந்து வந்து இரவில் உட்கார்ந்தால் ஒன்று முடிவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது, பாதியில் நிற்பவைதான் அதிகம் என்று வருத்தப்பட்டாய். இதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். காகிதமும் பசையுமாக பைண்டிங் மேஜையிலேயே வயது போனவன் நான். தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோலத்தை வெட்டி ஒட்டிய அட்டையில் உன் கை நிதானம் தெரிகிறது, மிக நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எல்லா அட்டையிலும் உள்பக்கம் வெறுமையாக இருக்கிறது. முகப்பை முடித்துவிட்டு, உள்ளே என்ன எழுதுவது என்று யோசித்தபடி எடுத்து வைத்துவிடுகிறாய். வேலை தேங்குவது அங்கேதான். வரிசையை மாற்று, கண்ணு. முதலில் எழுது. அலங்காரம் அதற்குப் பிறகு வரட்டும்.

முகப்பில் பூவும் துணியும் ஒட்டிய பிறகு அட்டை மேஜையில் சமமாகப் படுக்காது. மேடுபள்ளத்தின் மேல் பேனா ஓடாது, எழுத்து கோணும். எழுதும்போது ஒரு பெயர் பிழையாகிவிட்டால், ஒரு மணி நேரம் செய்த முகப்பும் சேர்ந்து வீணாகும். வெறும் மடித்த அட்டையில் எழுதிப் பிழையானால் போவது அரைத் தாள்தான். இதெல்லாம் வேலைக் கணக்கு. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. என்ன எழுதினாய் என்பது தெரிந்துவிட்டால் முகப்பில் என்ன வர வேண்டும் என்று தனியாக யோசிக்கவே வேண்டியதில்லை. பெரியப்பாவுக்கு, "மஞ்சள் வெட்டு எப்போது? அந்த நேரத்துக்கு ஊருக்கு வரப் பார்க்கிறேன்" என்று எழுதுகிறாய் என்று வைத்துக்கொள். அவருடைய அட்டைக்கு ஒரு மஞ்சள் கொத்து போதும், வேறெதுவும் வேண்டாம். பொங்கல் பானையும் கரும்பும் எல்லார் அட்டையிலும் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

அதனால் பெயர்ப் பட்டியலில் தொடங்கு. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவரிடம் உனக்குக் கேட்க இருப்பதையோ சொல்ல இருப்பதையோ ஒரு வரி குறித்துவை. பஸ்ஸில் போகும்போதே இதைச் செய்யலாம். ஒருவருக்கு ஒரு வரிகூடத் தோன்றவில்லை என்றால், அவருக்கு அட்டை வேண்டாம், போனில் வாழ்த்துச் சொல்லிவிடு.

இனி காகிதம். நீ 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஏ4 தாளை முழுதாக எடுத்து ஒரே மடிப்பாக மடிக்கிறாய். அந்தத் தாள் மட்டுமே ஏறக்குறைய 19 கிராம் இருக்கும். உறையும் ஒட்டியவையும் சேர்ந்தால் சாதாரணத் தபாலின் முதல் படியான 20 கிராமைத் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள், அப்பத்தாவிடம் அப்படிக் கேட்க விடலாமா? தாளைக் குறுக்கே பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடி. எடை பாதியாகிவிடும்.

இப்படி வெட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. மில் காகிதத்தில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். முழுத் தாளை மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுந்து, முதுகில் வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். உன் படத்தில் சிவப்பு அட்டையின் முதுகைப் பார், வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. பாதி வெட்டி மடித்தால் மடிப்பு இழையோடு போகும். சந்தேகம் இருந்தால் தாளை மடிக்காமல், இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் இளகிக்கொடுக்கிறதோ, மடிப்பு அந்தப் பக்கம் விழட்டும்.

மடிப்பதற்கு முன் கோடு இழுத்துக்கொள். தாளுக்கு அடியில் பழைய செய்தித்தாள் நான்கைந்து விரித்து, ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த ரீஃபிலால் ஒரே சீராக அழுத்தி இழுத்தால் பள்ளம் விழும், மறுபக்கம் மெல்லிய புடைப்பு எழும். அந்தப் புடைப்பு மடிப்பின் உள்ளே வர வேண்டும், பள்ளம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பலரும் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள், அதில் முதுகு இழுபட்டுப் பிய்கிறது. மடித்ததும் விரல் நகத்தால் தேய்க்காதே, பளபளவென்று தடம் விழும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஸ்பூனின் முதுகால் தேய்.

வெட்டுவதை எல்லா அட்டைக்கும் ஒரே மாலையில் முடித்துவிடு. கோடும் மடிப்பும் இன்னொரு மாலையில். கத்தியையும் ஸ்கேலையும் பசையையும் ஒரே இரவில் மாற்றி மாற்றி எடுத்தால், எடுப்பதிலும் வைப்பதிலும்தான் நேரம் போகும். எழுதுவதை மட்டும் மொத்தமாகச் செய்யாதே. ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ போதும். அதற்கு மேல் போனால் அத்தைக்கு எழுதியதே மாமனுக்கும் வந்துவிடும். அப்பத்தாவுக்குக் கறுப்பு மையில் பெரிய எழுத்தாக எழுது, அவள் யாரையும் கூப்பிடாமல் தானே படிக்கட்டும்.

பசை விஷயத்தில் கைச்சிக்கனம் வேண்டும். நாங்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவோம். துத்தம் விஷம், குழந்தைகள் தொடும் அட்டைக்கு அது கூடவே கூடாது. ஈரப்பசை எதுவானாலும் தாளைச் சுருட்டும். பெரிய துண்டுகளுக்கு இரட்டைப் பக்க டேப், சின்னவற்றுக்குக் குச்சி முனையில் தொட்டெடுத்த ஃபெவிகால். ஒட்டியதும் கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு வைத்துவிடு.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளையும் கூழாக்கிக் கைக்காகிதம் செய்கிறார்கள். அதில் கொஞ்சம் வாங்கி அனுப்புகிறேன். ஒவ்வொரு தாளாகச் சல்லடையில் அள்ளி எடுப்பதால் அதில் இழைக்குத் திசை கிடையாது, எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம். சில தாளில் மை கசியும், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுது. கூடவே பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வரும். அம்மா ஆவாரம்பூவைச் செய்தித்தாள் மடிப்பில் பரப்பி, ஈரம் வற்றும்வரை தினமும் தாள் மாற்றிக்கொண்டிருக்கிறாள். பூளை தானாகவே காய்ந்து வெள்ளையாக நிற்கும், ஆனால் உதிரும். அதைக் கொத்தாக ஒட்டாமல் ஒரே ஓர் இணுக்காக வை. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும் நாளில் நம் வாசலில் செருகும் பூ அது. நம் பக்கத்தார் யார் பார்த்தாலும் அதற்குமேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மூலையில் மஞ்சள் தடவ ஆசைப்பட்டால் உறைக்குள் போகும் அட்டையில் தடவு. வெயில் பட்டால் அந்த நிறம் வெளுத்துவிடும்.

பட்டியலை முடித்ததும் எனக்கு அனுப்பு. சின்னத்தை கோபியில் வீடு மாறிவிட்டாள், பெருந்துறை மாமன் வீட்டுக் கதவெண்ணும் புதிது. முகவரிகளைப் பின்கோடோடு சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். மார்கழி பாதிக்குள் எல்லாம் தபாலில் சேர்ந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா