ஓப்பன் என்று கூப்பிட்டால் யார் வருவார்?

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், அதில்தான் தாமதம். நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் வேளை தவறாமல் விட வேண்டும். "அவன் எப்போடா வர்றான்?" என்று உன்னை இரண்டு தடவை கேட்டுவிட்டார். அப்புறம் நாலு நாள் ஏற்காட்டில் சித்தப்பா தோட்டத்தில் இருந்தேன். காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது, ஆள் கிடைக்கவில்லை. பகலில் பழத்தை எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை. இரவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். உன் கேள்விக்குப் பதில் தேடியதெல்லாம் அங்கே உட்கார்ந்துதான்.

நீ கேட்டது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மைக்ரோகர்னல் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலை முடிந்தவரை சின்னதாக்கியது. அதில் ஃபைல் சிஸ்டம் உள்ளே இல்லை, நெட்வொர்க் இல்லை, யார் எந்த யூசர் என்பதுகூட இல்லை. சரி, ஃபைலைத் திறக்க என் சி புரோகிராம் ஓப்பன் என்று கூப்பிட்டால் யார்டா வருவார்? சி லைப்ரரி வெறும் ரேப்பர், மேலுறை மட்டும்தானே?"

நீ தினமும் புழங்கும் லினக்ஸில் அது ஏறக்குறைய சரிதான். லைப்ரரி ஓர் எண்ணை ரெஜிஸ்டரில் வைத்து கர்னல் கதவைத் தட்டும், மிச்சமெல்லாம் உள்ளே நடக்கும். மைக்ரோகர்னலில் கதவைத் தட்டினால் உள்ளே அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மைக்ரோகர்னல் மேல் ஓடும் ஹர்ட் என்ற சிஸ்டத்தின் டெபியன் பதிப்பை, கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டராக ஓடும் கியூஎமுவில் ஏற்றினேன்.

ஹர்ட் 1990இல் தொடங்கிய வேலை. அடியில் இருப்பது மாக். 1985இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்த கர்னலின் வழிவந்தது. மெமரி, த்ரெட், போர்ட் எனும் செய்திப் பெட்டிகளுக்குச் செய்தி கொண்டுபோவது, இவைதான் அதன் முக்கியமான வேலைகள். ஃபைல், யூசர், பிராசஸ் பட்டியல், நெட்வொர்க் எல்லாம் தனித்தனிப் புரோகிராம்கள். சர்வர் என்கிறார்கள்.

நம் தெருக் கொலுசு வேலையை நினைத்துப் பார். வெள்ளியை உருக்குவது ஒரு பட்டறை, கம்பி இழுப்பது இன்னொன்று, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது வேறு வீடு. கடையில் வந்து ஒரு ஜோடி கேட்பவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டில் எது நடக்கும், யாரிடம் எதைக் கொடுத்து எதை வாங்க வேண்டும் என்ற மொத்தக் கணக்கும் கடைக்காரர் தலையில் இருக்கிறது. பொட்டலம் சுமக்கும் பையன்தான் மாக். கடைக்காரர் ஜிலிப்சி, அதாவது நம் சி லைப்ரரி.

இப்போது ஓப்பனுக்கு வருவோம். புரோகிராம் தொடங்கும்போதே லைப்ரரியின் கையில் சில போர்ட்டுகள் கொடுக்கப்பட்டுவிடும். ரூட் டைரக்டரிக்கு ஒன்று, இருக்கும் டைரக்டரிக்கு ஒன்று, அடையாளம் பார்க்கும் ஆத் சர்வருக்கு ஒன்று, பிராசஸ் சர்வருக்கு ஒன்று. ஹோமுக்கு அடியில் இருக்கும் ஒரு ஃபைலைக் கேட்கிறாய் என்று வை. லைப்ரரி ரூட் போர்ட்டுக்கு 'டிர் லுக்கப்' என்று செய்தி அனுப்பும். அதைப் பெறுவது ஃபைல் சிஸ்டம் சர்வர். ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடித்தால் மற்ற புரோகிராம்களோடு அதுவும் வரிசையில் தெரியும். ஹோம் வேறு பார்டிஷனாக, வேறு சர்வரின் பொறுப்பில் இருந்தால், ரூட் சர்வர் மேலே தேடாது. "என் எல்லை இதோடு சரி, இந்தா அவருடைய போர்ட், மீதிப் பெயரை அவரிடம் கேள்" என்று திருப்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்ததுதான். புது சர்வருக்கு நீ யார் என்று தெரியாது. ரூட் சர்வர் சொன்னாலும் அது நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் லைப்ரரி புதிதாக ஒரு போர்ட்டை உண்டாக்கி, அடையாளச் சீட்டு மாதிரி, அந்தச் சர்வரிடமும் ஆத் சர்வரிடமும் கொடுக்கும். அந்தச் சர்வரும் தன் கைக்கு வந்த சீட்டோடு ஆத் சர்வரிடம் போய் நிற்கும். இரண்டும் பொருந்தினால் ஆத் சர்வர் "இவர் இன்ன யூசர்" என்று அதனிடம் சொல்லும். அதன் பிறகுதான் மீதித் தேடல். கடைசியில் ஃபைலுக்கான போர்ட் வந்து சேர்ந்ததும் லைப்ரரி அதைத் தன் அட்டவணையில் ஓர் இடத்தில் செருகிவிட்டு, உன் புரோகிராமிடம் "3" என்று நீட்டும். உன் புரோகிராம் பார்த்தது அந்த 3 மட்டும்தான்.

அந்த அட்டவணை இருக்கும் இடத்தைக் கவனி. லினக்ஸில் அது கர்னலுக்குள். ஹர்டில் உன் பிராசஸின் சொந்த மெமரியில், லைப்ரரியின் பராமரிப்பில். தறிகெட்ட பாய்ன்டர் ஒன்று அதன் மேல் எழுதிவிட்டால், நீ திறந்த ஃபைல் எதுவென்று உனக்கே தெரியாமல் போகும். அடுத்த பிராசஸுக்கு ஒரு கீறலும் விழாது.

இதைச் செய்து பார்க்காமல் நான் நம்பவில்லை. 'சேலம்' என்று ஒரு வரி எழுதும் சின்னப் புரோகிராமை எடுத்து, வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பி, ஆர்பிசிட்ரேஸ் அடியில் ஓட்டினேன். கர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் நம் எஸ்ட்ரேஸுக்கு ஹர்டில் இருக்கும் இணை அது, செய்திகளைக் காட்டும். லைப்ரரி தன்னைத்தானே ஏற்றிக்கொள்வதற்கான செய்திகளே திரை நிறைய ஓடின. எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் 'ஐஓ ரைட்' என்று ஒரு செய்தி. போனது சேலம், கூடவே -1. திரும்பி வந்தது 16. யூனிகோடில் சேலம் ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், வரி முடிவுக்கு ஒன்று, ஆக 16. கணக்கு சரி.

அந்த -1 என்ன என்று புரிய எனக்கு ஓர் இரவு பிடித்தது. ஃபைலில் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. -1 போட்டால் "விட்ட இடம் உன்னிடம்தான் இருக்கிறது, அங்கிருந்தே தொடர்" என்று அர்த்தம். விட்ட இடத்தை லைப்ரரி தன்னிடம் வைத்துக்கொண்டால் என்ன குறை? ஃபோர்க் ஆகி ஒரு பிராசஸ் தன்னைப் போல இன்னொன்றைப் பெற்ற பிறகு அப்பனும் பிள்ளையும் அதே ஃபைலில் மாறி மாறி எழுதினால் ஒருவர் எழுத்தின் மேல் இன்னொருவர் எழுதிவிடுவார். யூனிக்ஸ் கொடுத்த வாக்கு அப்படி இல்லை, இருவரும் ஒரே இடக்குறியைப் பகிர வேண்டும். அதனால் அது சர்வரிடம் இருக்கிறது. அட்டவணை லைப்ரரியிடம், இடக்குறி சர்வரிடம். எவ்வளவு யோசித்துப் பிரித்திருக்கிறார்கள் பார்!

ஒரு விபத்தும் நடந்தது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்துக்காக எழுதிய லாகர், அந்தப் பதிவுப் புரோகிராம், உனக்கு நினைவிருக்கும். என்ன பிழை என்று சொல்லும் எர்னோ எண்ணை நேராக அரேயின் இன்டெக்ஸாக வைத்துத் தமிழில் பிழைச் செய்தி எடுக்கும். இத்தனை வருடம் ஒரு புகாரும் இல்லாமல் ஓடியது. ஹர்டில் இல்லாத ஃபைலைத் திறந்ததும் அப்படியே விழுந்துவிட்டது. எர்னோவை அச்சடித்துப் பார்த்தால் 1073741826! லினக்ஸில் அது வெறும் 2. மாக்கின் பிழைகளும் சர்வர்களின் பிழைகளும் ஒரே எண்வெளியில் வருவதால், எந்த வகைப் பிழை என்பதை எண்ணின் மேல் பிட்டுகளில் வைத்திருக்கிறார்கள். பதினாறுமத்தில் எழுதிப் பார், 40000002. கடைசியில் நம் பழைய 2 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எர்னோ சின்ன எண்ணாக இருக்கும் என்று யூனிக்ஸ் பொது விதிமுறையான பாசிக்ஸ் எங்கும் சொல்லவில்லை. தவறு என் கோடில்தான், திருத்திவிட்டேன். ஃபைல் பாதையின் நீள வரம்பைச் சொல்லும் பாத் மேக்ஸும் அப்படித்தான். பெயரின் நீளத்துக்கு ஹர்டில் வரம்பு இல்லாததால் அந்த மாக்ரோவே கிடையாது. அதை நம்பி அரே போட்ட கோட் கம்பைலே ஆகாது.

அப்புறம் வேண்டுமென்றே ஒன்று செய்தேன். ஒரு ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது சிடி இமேஜை, டைரக்டரியாகக் காட்டும் சர்வரை ஓடவிட்டு, என் புரோகிராம் அதிலிருந்து பாதி படித்த நிலையில் அந்தச் சர்வரைக் கொன்றேன். அடுத்த ரீட் பிழையோடு திரும்பியது. செய்தி போய்ச்சேர ஆளில்லை என்று மாக் சொன்னதை, லைப்ரரி 'ஈஐஈஐஓ' என்று ஹர்டுக்கே உரிய எர்னோவாக மாற்றிக் கொடுத்தது. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதே ஃபைலை மறுபடி திறந்தேன், புது சர்வர் தானாக எழுந்து வந்து பதில் சொன்னது. வெளியே சில்வர் ஓக் மரங்களில் பனி சொட்டுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன் மாப்ளே.

ஒரு பிராசஸ் இன்னொன்றைத் தட்டிச் சொல்லும் சிக்னலைக் கேட்டால் நீ இன்னும் ஆச்சரியப்படுவாய். சிக்னல் அனுப்பும் கில் என்பதும் ஒரு செய்திதான். லைப்ரரி பிராசஸ் சர்வரிடம் எதிராளியின் போர்ட்டைக் கேட்டு வாங்கி அதற்கு அனுப்பும். அங்கே அதைப் பெறுவதற்கென்றே எதிராளியின் லைப்ரரி தனியாக ஒரு த்ரெட் வைத்திருக்கிறது. அந்த த்ரெட் முக்கிய த்ரெட்டை நிறுத்தி, அதன் ரெஜிஸ்டர்களை மாற்றி எழுதி, சிக்னலைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குள் தள்ளிவிடும். ஹர்டில் ஒரு வரி அச்சடிக்கும் புரோகிராமிலும் இரண்டு த்ரெட் இருப்பது இதனால்தான்.

ஃபோர்க்தான் பெரிய பாரம். லினக்ஸில் ஒரே அழைப்பு. இங்கே அந்த ஒரு ஃபங்ஷன் நூற்றுக்கணக்கான வரி. மெமரியைப் பிள்ளைக்குக் கொடுக்க மாக் உதவும். போர்ட்டுகளைக் கொடுக்காது. லைப்ரரி தன் கையில் இருக்கும் ஒவ்வொரு போர்ட்டையும் எடுத்து, எதைக் கொடுக்கலாம், எதைப் பிள்ளையின் பெயரில் புதிதாக வாங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உள்ளே வைக்கிறது. நடுவில் சிக்னல் எதுவும் புகுந்துவிடக் கூடாது, பிராசஸ் சர்வரிடம் பிள்ளையைப் பதிவு செய்ய வேண்டும், பிள்ளையின் சிக்னல் த்ரெட்டையும் எழுப்ப வேண்டும். ரேப்பர் என்றாயே, ஜிலிப்சி மூலத்தில் மாக், ஹர்ட் பிரிவுக்குள் போய் அந்த ஒரு ஃபைலைப் படித்துவிட்டு மறுபடி சொல்.

எல்லாரும் இவ்வளவை லைப்ரரி தலையில் வைப்பதில்லை. மினிக்ஸ் 3 என்ற இன்னொரு மைக்ரோகர்னல் சிஸ்டத்தில் லைப்ரரி மெலிது. ஓப்பன் என்றால் ஃபைல்களைக் கவனிக்கும் விஎஃப்எஸ் சர்வருக்கு ஒரு செய்தி, ஃபோர்க் என்றால் பிராசஸ் மேனேஜருக்கு ஒரு செய்தி, திறந்த ஃபைல்களின் அட்டவணை விஎஃப்எஸ் சர்வரிலேயே இருக்கும். கியூஎன்எக்ஸ் என்ற மைக்ரோகர்னல் சிஸ்டத்தில் இந்தப் பாதைக்கு யார் பொறுப்பு என்று லைப்ரரி பிராசஸ் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, பொறுப்பாளரோடு நேரே இணைப்பு போடும். கையில் வரும் எண் அந்த இணைப்பின் எண்ணே. எஸ்இஎல்4 என்ற மைக்ரோகர்னலில் மசல் என்ற சி லைப்ரரியை எடுத்து, கர்னலைக் கூப்பிடும் இடத்தில் ஃபங்ஷன் பாய்ன்டர்களை வைத்திருக்கிறார்கள். யார் பதில் சொல்வது என்பதை நீயே எழுதி மாட்டிக்கொள்ளலாம்.

கூகுளின் ஃபுக்ஷியா சிஸ்டம் வேறு முடிவு எடுத்தது. அட்டவணை ஹர்ட் போலவே பிராசஸுக்குள், எஃப்டிஐஓ என்ற தனி லைப்ரரியில். ஆனால் ஃபோர்க்கும் கிடையாது, யூனிக்ஸ் சிக்னலும் கிடையாது. ஜிலிப்சியை முதலில் எழுதிய ரோலண்ட் மெக்ராத் ஹர்டிலும் முக்கியமானவராக இருந்தார். பின்னாளில் ஃபுக்ஷியாவிலும் வேலை செய்தார். இரண்டு பாதையையும் உள்ளிருந்து பார்த்த மனிதர். புதிதாகக் கட்டுபவர்கள் ஃபோர்க்கை விட்டது நியாயம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஹர்டின் பிடிவாதம் என்னை விடவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய ஷெல் புரோகிராம் ஒன்று, கர்னலில் பாதி காணாமல் போனது தெரியாமலே அங்கே ஓட வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து இத்தனை வரிகளை எழுதியிருக்கிறார். அதைச் சாதாரணமாகக் கடந்துபோக எனக்கு மனசு வரவில்லை.

வேகத்தைக் கேட்பாய். பழைய மாக்கில் செய்திப் போக்குவரத்து மெதுவானது, அது உண்மை. யோகன் லீட்கே 1993இல் எல்4 என்ற மைக்ரோகர்னல் மூலம் அதை எவ்வளவு குறைக்கலாம் என்று காட்டிவிட்டார். அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

சாக்கெட் பக்கத்தை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. லைப்ரரி 'சர்வர்ஸ்' டைரக்டரிக்குள் 'சாக்கெட்' அடியில் 2 என்ற ஃபைலைத் திறந்து அங்கிருந்து சாக்கெட் கேட்கிறது என்பது வரை வந்திருக்கிறேன். 2 என்பது இன்டர்நெட் முகவரிக் குடும்பத்தின் எண், வேறொன்றுமில்லை. நெட்வொர்க் உன் துறை, மீதியை நீ படித்து எழுது. நான் ஏற்றி வைத்திருக்கும் டிஸ்க் இமேஜை பென்டிரைவில் போட்டு, சித்தப்பா கொடுத்த காப்பிப் பொடியோடு நாளைக்குக் கூரியரில் அனுப்புகிறேன். பொடியில் சிக்கரி இல்லை, டிகாஷனுக்கு ஒரு ஸ்பூன் கூடப் போடச் சொல் வீட்டில். பொங்கலுக்கு வந்தால் ஒரு நாள் முன்னதாகவே வா, தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு மாலை பஸ்ஸிலேயே மேலே போய்விடலாம்.

உன்,
பழைய கடைசி பெஞ்சுக்காரன்