ஊற்று எங்கே, அம்மிணி?

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே வேலந்தாவளத்தில் எல்லோரும் நலம். ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விடட்டுமா என்று போன வாரம் கேட்டாய். போனில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கேலக்ஸிகளில், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த மண்டலங்களில், வாயுவிலிருந்து நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது என்று போன லீவில் மொட்டை மாடியில் உட்கார்ந்து நீ சொன்னது இன்னும் மனதில் ஓடுகிறது. வாயு நிறைய இருந்தால் நட்சத்திரமும் நிறைய என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாயுவையும் நட்சத்திரப் பிறப்பையும் இணைத்து 1959-இல் ஷ்மிட் என்ற வானியலாளர் தொடங்கிய கணக்கை 1998-இல் கெனிகட் என்பவர் பல கேலக்ஸிகளில் பார்த்ததையும், அதே பரப்பில் வாயு இரண்டு மடங்கானால் நட்சத்திரப் பிறப்பு சுமார் 2.6 மடங்காவதையும் சொன்னாய். சரி, அது புரிந்தது. ஆனால் கேலக்ஸியின் ஓரத்தில், நட்சத்திரக் கூட்டம் முடிந்த பிறகும் ஹைட்ரஜன் வெகுதூரம் பரந்து கிடக்கிறதாமே! புனே பக்கம் கோடத் கிராமத்து ரேடியோ தொலைநோக்கியின் பெரிய தட்டுகளில் 21 செ.மீ. அலையாக அதைப் பிடிக்கிறீர்கள், அங்கே பிறக்கும் நட்சத்திரமோ வெகு சொற்பம். வாயு குளிர்ந்து, அடர்ந்து, இரண்டிரண்டு அணுவாகச் சேர்ந்து மூலக்கூறு மேகமான இடத்தில்தான் பிறப்பு. அந்தக் குளிரில் மூலக்கூறான ஹைட்ரஜன் தன்னைக் காட்டிக்கொள்ளாது, கூட இருக்கும் கார்பன் மோனாக்சைடின் 2.6 மி.மீ. அலையை வைத்துத்தான் அளக்கிறார்கள் என்றாய்.

இது நம்மூர் சங்கதிதான், கண்ணு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் நம் கேரளப் பக்கத்துக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். ஆழியாறு அணை நிரம்பியதைப் பேப்பரில் படித்துவிட்டு நாற்று விட முடியுமா? மூலத்தறை மதகு தாண்டி வாய்க்காலில் வந்தால்தான் பயிர்.

அப்புறம் நீ சொன்ன இன்னொரு கணக்கு. நமக்கு அருகிலுள்ள சுருள் கேலக்ஸிகளில் இருக்கும் மூலக்கூறு வாயு, இப்போது செலவாகிற வேகத்தில் சுமார் 200 கோடி வருடத்தில் தீர்ந்துவிடும். அவற்றின் வயதோ 1000 கோடிக்கு மேல். இரண்டு நாள் தண்ணீர்தான் இருக்கிற கிணற்றில் பத்து நாளாக மோட்டார் ஓடுகிறது என்றால், எட்டிப் பார்க்காமலே ஊற்று இருக்கிறது என்பேன். நீயும் தலையாட்டினாய். வெளியிலிருந்து வாயு வந்து சேர வேண்டும், எந்த வழியாக, எவ்வளவு என்பதில்தான் இன்னும் வேலை பாக்கி என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன், அம்மிணி. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுப் பணத்தை நினைத்து நீ அந்த வேலைக்குப் போக வேண்டாம். போர்வெல் கடனில் இரண்டு தவணைதான் பாக்கி, தேங்காய் விலையும் பரவாயில்லை. உனக்கே சலித்துவிட்டது என்றால் அதைச் சொல், நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை நம் தண்ணீர் முறை. மடை அடைத்துவிட்டு வர ஒன்பது மணியாகும். அதற்கப்புறம் கூப்பிடு.

அப்பா