பீட்சா படத்தை எடுங்க, நம்ம சாப்பாட்டு தட்டை போடுங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உடல் பருமன் பத்தி எப்ப செய்தி வந்தாலும் உங்க பேப்பர்ல பக்கத்துலயே ஒரு பர்கர் படம், இல்லன்னா பீட்சா படம். பாத்தவுடனே எங்க வீட்டு பெரியவங்க "இதெல்லாம் நாம தொடுறதே இல்லையே"ன்னு சொல்லிட்டு நிம்மதியா அடுத்த பக்கத்துக்கு போயிடுறாங்க. எங்க தெருல தொந்தியும் தொப்பையுமா இருக்கறவங்கள்ல பாதி பேரு பீட்சாவை விளம்பரத்துல மட்டும்தான் பாத்திருப்பாங்க.

தேசிய குடும்ப நல ஆய்வு கணக்கை பாருங்க. 2015-16ல தமிழ்நாட்டு பொம்பளைங்கள்ல 30.9 சதவீதம் பேரு எடை கூடுனவங்க, 2019-21ல அது 40.4 ஆயிடுச்சு. ஆம்பளைங்க 28.2ல இருந்து 37. இந்திய அளவுல பொம்பளைங்களுக்கு 24 தான். அப்போ இத்தனை பேரும் பீட்சா கடை வாசல்லயா நிக்கிறாங்க?

சாதாரண நாள்ல வீட்ல என்ன நடக்குது. காலைல இட்லி, மதியம் சோறு, ராத்திரி "லைட்டா டிபன்"னு தோசை. இட்லி மாவுல நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அப்போ மூணு வேளையும் அரிசி தானே சார், வேற வேற வேஷத்துல வருது, அவ்ளோதான். மதியம் தட்டுல சோறு மலை மாதிரி குவிஞ்சிருக்கும், ஓரத்துல பொரியல் ரெண்டு விரல்ல எடுக்குற அளவு, அதுவும் ஊறுகாய்க்கு போட்டியா. சாம்பார்ல பருப்பை தேடணும். நாடு முழுக்க பாத்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வு ஒண்ணு 2025ல வந்துச்சு, நாம சாப்பிடுற கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருது, புரதம் வெறும் 12 சதவீதம்னு.

டீயை யாரும் சாப்பாட்டு கணக்குலயே சேக்குறதில்ல. ஆபீஸ்ல ஒரு நாளைக்கு அஞ்சு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரை, கிட்டத்தட்ட 50 கிராம் ஆயிடும், சக்கரை மட்டுமே 200 கலோரி. கூட ஒரு வடை, சாயங்காலம் பேக்கரில ஒரு பப்ஸ்.

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். எல்லாரையும் அனுப்பிட்டு பதினோரு மணிக்கு ஆறிப்போன தோசை, மதிய சாப்பாடு மூணு மணிக்கு, ராத்திரி பத்தரைக்கு புள்ளைங்க வச்ச மிச்சம், குண்டான்ல ஒட்டிக்கிட்டிருக்கற சோறு, கொட்ட மனசு வராம அதையும் வழிச்சு சாப்பிட்டுட்டு உடனே படுக்கை. அப்புறம் "நான் ஒரு வேளைதானே ஒழுங்கா சாப்பிடுறேன், எப்படி வெயிட் போடுது"ன்னு கேப்பாங்க. தைராய்டு, தூக்கமின்மை, சில மாத்திரைன்னு வேற காரணமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லா பழியையும் தைராய்டு மேல போடறதும் ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு.

"எங்க அப்பத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னாங்க, ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு பதில் ரெடியா இருக்கும். அப்பத்தா நாள் முழுக்க நாத்து நட்டுட்டு வந்து தின்னாங்க. நாம கிரைண்டர் சுவிட்ச போட்டுட்டு தெருமுனை கடைக்கே ஸ்கூட்டில போறோம். சோத்தை விடச் சொல்லல, ரெண்டு கரண்டி குறைச்சு அந்த இடத்துல சுண்டலோ முட்டையோ கீரையோ வைக்கலாம்ல, ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிக்கலாம்ல. பட்டினி கிடந்து பத்து கிலோ குறைக்கற பவுடர் விளம்பரம் எல்லாம் எதுக்கு?

அதனால அடுத்த தடவை நம்ம வீட்டு சாப்பாட்டு தட்டு படத்தையே போடுங்க. கீழ ரெண்டு வரி, இடுப்பு சுத்தளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டிச்சுன்னா டாக்டரை பாருங்கன்னு. டெய்லர் டேப் இல்லாத வீடு குறைவு. அப்புறம் அதே பக்கத்துல பாதாம் அல்வா செய்முறை போடுறத மட்டும் வேற நாளைக்கு மாத்திக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை