ரோனா கப்பலைப் பற்றி நீ கேட்டது

நாகப்பட்டினம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. இது பத்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பா பேப்பரில் வரி விளம்பரத்தைக்கூட விடுவதில்லை.

அங்கே அமெரிக்காவில் உன் பக்கத்து வீட்டுப் பாட்டி, யுத்தத்தில் ரோனா கப்பலோடு தகப்பனாரைப் பறிகொடுத்தவர், “ரோனா என்ற கப்பல் உங்கள் ஊர்ப் பக்கம் ஓடியதாமே, தெரியுமா” என்று கேட்டாரென்று சொன்னாய். தெரியுமாவா! உன் தாத்தா பதினெட்டு வயதில் பினாங்குக்குப் போனதே அந்தக் கப்பலில்தான். ரஜூலாவும் ரோனாவும் அக்கா தங்கை மாதிரி, இரண்டும் 1926-இல் கட்டியவை. பி.ஐ. என்கிற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்கள். மதராஸில் புறப்பட்டு, நம் ஊரில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். நம் துறைமுகத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சலங்கு என்ற படகில் ஏறிப்போய் ஏணியைப் பிடிக்க வேண்டும். தாத்தாவுக்கு டெக் டிக்கெட். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்ததையும், இரண்டு நாள் வாந்தி எடுத்ததையும் நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அவர் திரும்பி வந்தது ரஜூலாவில். “ரோனா எங்கே?” என்று கேட்டாராம். வயதான சாரங்கு (மாலுமிகளின் தலைவர்) ஒருவர் பதில் சொல்லாமல் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாராம். அதற்கு மேல் தாத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. நானும் உன் அப்பாவும் ஒரு வாரமாக உட்கார்ந்து படித்த பிறகுதான் மீதி தெரிந்தது.

யுத்தத்தில் ரோனாவைத் துருப்புக் கப்பலாக்கிவிட்டார்கள். 1943 நவம்பர் 26. அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, மற்றக் கப்பல்களோடு சேர்ந்து கரையோரமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 1,981 பேர். எங்கே போனார்கள் தெரியுமா? சூயஸ் வழியாக நம் பம்பாய்க்கு. சாயங்காலம் ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஒரு விமானம் இறக்கை வைத்த குண்டை விட்டது. விமானத்தில் இருந்தவன் அதைக் கண்ணால் பார்த்தபடியே சின்னப் பிடியை ஆட்டி, ரேடியோவில் ஓட்டிக்கொண்டு வந்து, கப்பலின் இன்ஜின் அறைப் பக்கம் மோத வைத்தான். ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் போய்விட்டது. இருட்டு, குளிர், பெரிய அலை. பயனீர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாருவது) மட்டும் 606 பேரைத் தூக்கியது. போனவர்கள் மொத்தம் 1,138 பேர், அதில் அமெரிக்கர்கள் 1,015.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று எதிரிக்குத் தெரியக்கூடாதாம். தப்பியவர்களிடம் வாய் திறக்காதே என்று உத்தரவு. வீடுகளுக்குத் தந்தி போயிற்று: காணவில்லை. எந்தக் கடல், எந்தக் கப்பல், ஒரு வார்த்தை கிடையாது. மாதக்கணக்கில் இழுத்துவிட்டு, இறந்தார் என்று இன்னொரு செய்தி.

நான் முப்பது வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவள். அந்தக் காலத்தில் தந்திச் சேவகர் தெருவுக்குள் நுழைந்தாலே கவரைப் பிரிக்கும் முன் அழுகை கிளம்பிவிடும். ஆனால் அதில் எழுதியிருப்பது ஒரு முடிவாக இருக்கும். வந்து பிணத்தை எடு, அல்லது இன்ன நாளில் காரியம். ‘காணவில்லை’ என்று வந்தால் என்ன செய்வாள் ஒரு பெண்? பொட்டை அழிப்பாளா, வைத்துக்கொள்வாளா? எந்தத் திதி கொடுப்பது? சுனாமிக்குப் பிறகு அக்கரைப்பேட்டையில் ஒரு அம்மா ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயரை அடிக்கவே விடவில்லை. கவுண்டரில் நின்று என்னிடம் சொன்னாள்: “நீங்க பாத்தீங்களா? நான் பாக்கல.” உன் பக்கத்து வீட்டுப் பாட்டியின் அம்மாவும் அப்படித்தான் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருந்திருப்பார். விவரம் வெளியே பரவவே ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இறந்தவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் போட்டது 2000-இல். அதற்குள் எத்தனை தாய்மார்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

சரி, நீ போனில் தயங்கித் தயங்கிச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். “இந்திய மாலுமிகள் படகுகளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று அவர் உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள், எனக்குக் கூச்சமாகப் போயிற்று” என்றாய். தப்பிய சிப்பாய்கள் சிலர் அப்படிச் சொல்லியிருப்பது நிஜம். சிலர் ஓடியும் இருக்கலாம். நான் அங்கே இல்லை, சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கணக்கைப் பார். கப்பலில் 22 படகு இருந்தும் தண்ணீருக்குப் போனது எட்டுதான். சில குண்டிலேயே நாசம். சிலவற்றில் கயிறும் கப்பியும் துருவேறி அசையவில்லை. இறங்கியவற்றிலும் பல ஆள் கூடிக் கவிழ்ந்தன. கப்பல் பணியாளர்கள் 195 பேர், செத்தவர்கள் 117. அதிகாரிகள் ஐந்து பேர் வேறு. நூற்றுக்கு அறுபது! சிப்பாய்களில் நூற்றுக்கு ஐம்பத்தொன்று. ஓடிப் பிழைத்தவர்களின் கணக்கா இது? இதைச் சண்டையாகச் சொல்லாதே. எண்களை மட்டும் சொல், அவர் புத்திசாலி, புரிந்துகொள்வார்.

இனி வேலைக்கு வா. அவர் தகப்பனார் எந்தப் பிரிவு என்று முதலில் கேள். 853-வது பொறியியல் பட்டாலியன் என்றால் மனதைத் திடப்படுத்திக்கொள், அதில் பாதிக்கு மேல் அன்றே போய்விட்டார்கள். ராணுவப் பணிக் கோப்புகள் இருப்பதே உன் செயின்ட் லூயிஸில்தான். 1973 ஜூலையில் அங்கே தீப்பிடித்து, அந்தக் காலத்துத் தரைப்படைக் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது எரிந்துபோனது. “எரிந்துவிட்டது” என்று கேட்டவுடன் பாட்டி திரும்பிவிடப் போகிறார், விடாதே. இறந்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கோப்பு உண்டு, அது இந்தத் தீயில் சிக்கவில்லை. அதை எழுதிக் கேட்க வேண்டும். படைப்பிரிவின் தினசரி ஆள் கணக்கையும் கேள். உடல் கிடைக்காதவர் என்றால் துனீசியாவில், கார்த்தேஜ் பக்கத்து அமெரிக்கக் கல்லறையில், காணாமல் போனவர்களின் சுவர் இருக்கிறது. 3,724 பெயர்கள். அதில் தேடு.

அப்படியே எனக்காக இன்னொன்றும் செய். நம் ஆட்களுக்குக் கல்லறை கிடையாது. கடலில் செத்த இந்திய மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதி, பிரதி ஒன்றை மும்பை மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்றைச் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைத்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலிலும் தேடலாம். சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூடப் போட்டிருக்கும். ரோனாக்காரர்கள் பெயர்களை எடுத்து, ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்துப் பாட்டியிடம் கொடு. அவர் தகப்பனாருக்குக் கடைசியாகச் சோறு போட்டவர்களும் அதில் இருப்பார்கள். அந்த வீடுகளுக்குத் தந்தியாவது போயிற்றோ என்னவோ.

ஒன்று மறந்துவிட்டேன். இறந்தவர் கோப்பில் வீட்டார் எழுதிய கடிதங்களையும் சேர்த்து வைத்திருப்பார்களாம். அப்படியானால் அவர் அம்மா ராணுவத்துக்கு எழுதிக் கேட்ட கடிதங்கள், அந்தக் கையெழுத்திலேயே, உள்ளே இருக்கக்கூடும். கவர் வந்தால் அவரைத் தனியாகப் பிரிக்க விடாதே. பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியை அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். மூடியில் கப்பல் லேபிள் ஒட்டிய இடம் சதுரமாகத் தெரியும், எழுத்து எதுவும் மிச்சமில்லை. அதையும் அவரிடம் காட்டு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா